தடுப்பணையை எடுத்துவிட்டால் தூண்டில்காரன் கதி என்ன?

குமரி மாவட்டத்தில் குழித்துறைத் தாமிரபரணியிலும் பழையாற்றிலும் தூண்டில் போடுபவர்களுக்கு ஒரு கவலை: பழுதான சிறு தடுப்பணைகளைச் சீர்செய்யாமல் எடுத்தே விட்டால் மீன் என்ன ஆகும்? வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (அருமனை): அண்ணே, அணைக்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் எங்களுக்கு வரால், திலாப்பியா எல்லாம் மாட்டுது. அணை போனால் மீனும் போயிருமே?

பதில்: தேக்கம் போகும், அதில் மறுபேச்சு இல்லை. வராலும் திலாப்பியாவும் நின்ற தண்ணீரை விரும்புபவை. ஓட்டம் வந்தால் ஆழமான கயங்களிலும் ஓரப் புல்லடியிலும் ஒதுங்கிவிடும். ஓடும் தண்ணீரில் வாழும் கெண்டை வகைகளுக்கு நல்ல காலம். வரால்தான் வேண்டுமென்றால் நம் மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம் தம்பி?

கேள்வி (திருவட்டார்): அப்பா காலத்தில் விலாங்கு நிறையக் கிடைக்குமாம். இப்போது குறைந்ததற்கு அணைதான் காரணமா?

பதில்: அணை மட்டும் இல்லை, மணல் அள்ளியதும் சேர்ந்துதான். ஆனால் விலாங்குக்கு அணை பெரிய தடை. அது ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். குட்டிகள் கடலிலிருந்து ஆறு ஏறி வர வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத குட்டி, பாசி பிடித்த ஈரச் சுவரில் ஒட்டி ஒட்டி ராத்திரியில் ஏறும். சுவர் காய்ந்தோ, வழவழவென்று சிமென்ட் பூசியோ இருந்தால் அவ்வளவுதான். ஆற்று இறாலும் அப்படியே: அதன் குஞ்சுக்கு உப்புக் கலந்த முகத்துவாரத் தண்ணீர் வேண்டும், வளர்ந்தபின் மேலே வர வழி வேண்டும்.

கேள்வி (அதே ஊர், வேறொருவர்): அப்படியானால் அணையை எடுக்காமல், மீன் தாண்டி ஏறிப் போகப் படி மாதிரிக் கட்டும் மீன் ஏணி வைத்தால் போதாதா?

பதில்: எந்த மீனுக்கு என்று கேட்டுவிட்டு வைக்க வேண்டும். கொள்ளிடம் கீழணையில் வெள்ளைக்காரர் காலத்திலேயே வைத்துப் பார்த்தார்கள், கடலிலிருந்து ஆறு ஏறி வரும் உல்லம் மீனுக்கு அது உதவவில்லை. விலாங்குக் குட்டிக்கு இவ்வளவு செலவே வேண்டாம். நியூசிலாந்தில் சிப்பி வளர்க்கும் சொரசொரப்பான கயிற்றைத் தொங்கவிட்டே ஏற்றுகிறார்கள். நம்மிடம் தேங்காய் நார்க் கயிறு இருக்கிறது, யாராவது முயன்று பார்க்கலாம்.

கேள்வி (தேங்காய்ப்பட்டணம்): சார், இங்கே அணையை எடுத்தால் கடல் தண்ணீர் ஏறாதா?

பதில்: ஏறும். அதனால் உங்கள் பக்கம் எடுக்கவே கூடாது என்பேன். பரக்காணியில் தடுப்பணை கட்டியதே உப்பு மேலே ஏறாமல் இருக்கத்தான். குடிநீர்க் கிணறு உப்பானால் கொடுவா மீன் கிடைத்து என்ன பயன்? அங்கே அணை இருக்கட்டும், மீனுக்கு வழி மட்டும் கேளுங்கள். மேலே, அலையேற்றம் எட்டாத இடத்தில், யாருக்கும் தண்ணீர் தராத உடைந்த அணை என்றால் எடுப்பதே நல்லது.

கேள்வி (சுசீந்திரம்): பழையாற்றில்?

பதில்: பள்ளிகொண்டான் அணை, சோழன்திட்டை அணை எல்லாம் வயலுக்குத் தண்ணீர் திருப்புபவை. தூண்டிலுக்காக அங்கே கை வைக்கச் சொன்னால் வயல்காரர் சும்மா விடமாட்டார். விடவும் கூடாது.

கேள்வி (களியக்காவிளை): இடித்தால் தேங்கிய சகதி முழுக்க கீழே வருமே, கரிமீன் தாங்குமா?

பதில்: நல்ல கேள்வி. கரிமீன் கல்லிலும் வேரிலும் முட்டையை ஒட்டிவைத்து, தாயும் தகப்பனும் துடுப்பை விசிறிக் காவல் நிற்கும். சகதி படிந்தால் முட்டை மூச்சுமுட்டிச் சாகும். ஆகவே ஒரே நாளில் உடைக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி இறக்க வேண்டும், அதுவும் பிப்ரவரி, மார்ச்சில். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, வேறு இடைவெளி கிடையாது. இன்னொன்று, தேக்கம் இறங்கினால் மேலே ஆற்றடியும் அரிக்கும். பக்கத்தில் பாலத் தூண் இருந்தால் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): வெளிநாட்டில் எடுத்த இடங்களில் தூண்டில்காரர்களுக்கு லாபமா நஷ்டமா?

பதில்: இடத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றில் 1837-ல் கட்டிய எட்வர்ட்ஸ் அணையை 1999-ல் எடுத்தார்கள். கடலிலிருந்து வரும் மீன்கள் சுமார் 27 கிலோமீட்டர் மேலே வாட்டர்வில் வரை மறுபடி ஏறின, பின்னாலேயே தூண்டிலும் போனது. அதே நாட்டில் வாஷிங்டன் மாநிலத்து எல்வா ஆற்றில் கதை வேறு. 2011-ல் அணைகளை இடிக்கத் தொடங்கியபோது மீன்பிடிக்கவே தடை வந்தது, அது பல வருஷம் நீண்டது. இங்கேயும் இரண்டு மூன்று வருஷம் தூண்டிலை மடக்கி வைக்க மனசு வேண்டும்.

கேள்வி (குழித்துறை): அணைக்குக் கீழே மடுவில் எப்போதும் மீன் குவிந்து கிடக்கிறதே. அதையும் இழக்கணுமா?

பதில்: மேலே போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும் மீன் அது, மக்கா. அணை எடுத்தால் அது ஆறு முழுக்கப் பரவும். நீங்களும் கொஞ்சம் நடந்து தேட வேண்டியிருக்கும்.