தீபாவளி நெருங்கும்போது உடம்பும் மனமும்: வாசகர் கேள்வி–பதில்

ஐப்பசி பிறந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் தீபாவளியைப் பற்றியவையாகவே இருக்கின்றன. பலருடைய நிலைமைக்கும் பொருந்தும் என்று தோன்றிய நான்கு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 43 வயது. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் இருக்கிறார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே ஒட்டடை அடிப்பதில் தொடங்கி முறுக்கு, அதிரசம், மிக்சர், லட்டு என்று எல்லாவற்றையும் வேலைக்குப் போய்க்கொண்டே செய்து முடிக்கிறேன். பண்டிகையன்று காலையில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எனக்கு மட்டும் எரிச்சலாக வருகிறது. போன வருடம் பிள்ளைகளைத் திட்டிவிட்டுக் குளியலறையில் நின்று அழுதேன். எனக்கு ஏதாவது மனநோய் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, ஈரோடு)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் மனநோயின் அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை, பல நாள் சரியாகத் தூங்காமல், நேரத்துக்குச் சாப்பிடாமல், அலுவலகத்திலிருந்து வந்த கையோடு அடுப்படியில் நின்ற ஒருவருக்கு வரக்கூடிய எரிச்சலும் அழுகையும்தான் தெரிகின்றன. பண்டிகை முடிந்து இரண்டு வாரம் ஆன பிறகும் இதே மனநிலை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டில் வேலை எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதை.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. மத்திய அரசு 2019-இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுவதாகவும், அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்கள் செலவிடுவதாகவும் தெரியவந்தது. அப்படி வேலை செய்த ஆண்களும் நூற்றுக்கு 26 பேர்தான். இது சாதாரண நாள்களையும் சேர்த்த கணக்கு. ஏறக்குறைய ஐந்து மணி நேர வேலை நாள்தோறும் ஒருவர் தலையில் இருக்கும்போது, அதன் மேல் பலகாரமும் பரண் சுத்தம் செய்வதும் விருந்தாளிகளும் சேர்ந்தால் உடம்பு எப்படித் தாங்கும்?

அதிரசத்தையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரம் முழுதும் போய்விடாத பதத்தில் அரைத்து, சலித்து, வெல்லப் பாகு வைத்து, மாவைக் கொட்டிக் கிளறி, ஓரிரு நாள் மூடி வைத்திருந்து, பிறகு தட்டிச் சுட்டெடுக்கிறோம். இதில், பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டினால் உருளுகிறதா என்று பார்க்கும் அந்த ஓர் இடத்தில்தான் உங்கள் கைப்பழக்கம் கட்டாயம் வேண்டும். அரிசி ஊறவைப்பதும், மாவு மில்லில் காத்திருந்து அரைத்து வருவதும், சலிப்பதும், சுட்டதை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்தி எடுப்பதும் உங்கள் கணவரால் செய்ய முடியாதவை அல்ல. எண்ணெய்ச் சட்டியின் பக்கம் வராமல், வாழையிலையில் தட்டிக் கொடுக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். நாமே செய்தால்தான் சரியாக வரும் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வது, இரண்டாவது நாளிலேயே முதுகுவலியில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

கைவேலையைவிட அதிகமாகக் களைப்படையச் செய்வது, எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் வேலை. தையற்காரர் எந்தத் தேதிக்குப் பிறகு துணி வாங்க மாட்டார், யார் வீட்டுக்கு எத்தனை டப்பா பலகாரம் போக வேண்டும், மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை பண்டிகை விடுமுறையில் தீர்ந்துவிடுமா என்பதையெல்லாம் நீங்கள் ஒருவரே சுமக்கிறீர்கள். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து, இவை அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயரைப் போடுங்கள். சொன்னால் செய்கிறேன் என்று கணவர் சொல்வது போதாது. துணியும் தையலும் அவர் பொறுப்பு என்றால், அதற்கான தேதியை நினைவு வைத்திருப்பதும் அவர் பொறுப்புதான்.

மாமியாரிடம், எல்லாப் பலகாரத்தையும் என்னால் செய்ய முடியாது என்று தொடங்கினால் பேச்சு வேறு திசையில் போய்விடும். "அத்தை, இந்த வருஷம் நம்ம வீட்டுல கட்டாயம் இருக்கணும்னு நீங்க நினைக்கிற ரெண்டு பலகாரத்தைச் சொல்லுங்க, அதை நாம சேர்ந்து நல்லாச் செய்யலாம்" என்று கேட்டுப் பாருங்கள். மற்றவற்றைக் கடையில் வாங்கலாம். வீட்டில் செய்து விற்கும் பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

முந்தின இரவு பதினொரு மணிக்குள் நீங்கள் படுத்துவிட வேண்டும். விடிந்தால் எல்லோருக்கும் எண்ணெய் வைத்து, வெந்நீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய நேரத்தில் அவசரமாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் பெண்கள்தான் நம் வீடுகளில் அதிகம். இந்த ஆண்டு உங்கள் தலையில் யாராவது எண்ணெய் வைத்துவிடட்டும். இதை நீங்களாகவே கேட்டுப் பெற வேண்டியிருந்தாலும் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: தொழிற்சாலையில் மாதம் 22,000 ரூபாய்க்கு வேலை செய்கிறேன். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம் செய்தோம், இது தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு மோதிரம், எல்லோருக்கும் துணி, பலகாரச் சீர் என்று அம்மா கணக்குப் போட்டதில் போனஸ் போக இன்னும் 50,000 ரூபாய் தேவைப்படுகிறது. மூன்று ரூபாய் வட்டிக்குத் தர ஒருவர் தயாராக இருக்கிறார். செல்பேசிச் செயலியில் கடன் வாங்கு என்று நண்பன் சொல்கிறான். இரவில் தூக்கமே வருவதில்லை. (வாசகர், அம்பத்தூர்)

பதில்: மூன்று ரூபாய் வட்டி என்றால் 50,000 ரூபாய்க்கு மாதம் 1,500 ரூபாய், ஆண்டுக்கு 18,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் 36,000 ரூபாய் வட்டி கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அம்மாவிடம் காட்டுங்கள். அதோடு, தையில் தலைப்பொங்கல் வரிசை, அடுத்து ஆடிச் சீர் என்று செலவுகள் வரிசையில் நிற்பதால், தீபாவளிக்கு மட்டும் திட்டம் போடாமல் அடுத்த ஆடிவரை சேர்த்தே போடுங்கள்.

முதலில் தங்கையிடம் பேசுங்கள். அந்த வீட்டார் உண்மையில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது உங்கள் அம்மாவைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில் பெண் வீட்டார் தாங்களே கூட்டிக்கொள்ளும் செலவு பல வீடுகளில் உண்டு. மோதிரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் தாய்மாமன் போன்ற பெரியவர் ஒருவர் சம்பந்தி வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பண்டிகையன்று மனத்தாங்கலுக்கு இடமிருக்காது. இதுதான் வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்திக் கேட்டால் அது சீர் அன்று, 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் தடைசெய்திருக்கும் செயல். அந்த நிலையில் கடன் வாங்கிக் கொடுப்பது தங்கைக்கு நன்மை செய்யாது.

செயலிக் கடனைப் பொறுத்தவரை, உங்கள் செல்பேசியில் இருக்கும் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் எதையும் தொடாதீர்கள். கடன் தரும் செயலிகள் அவற்றை எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. அதை மீறுகிறவர்கள்தாம் பிறகு உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து மானத்தை வாங்குகிறார்கள். தவிர்க்கவே முடியாத தொகை என்று ஒன்று மிஞ்சினால், வீட்டில் இருக்கும் நகையைக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைப்பது மூன்று ரூபாய் வட்டியைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன். 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை நோய். போகும் வீட்டிலெல்லாம் இனிப்பைக் கையில் வைத்துவிடுகிறார்கள், மறுத்தால் வருத்தப்படுகிறார்கள். அன்று மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கூடாது, ஐயா. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இனிப்பைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். தீபாவளிக் காலையில் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்தைப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. நான்கு மணிக்கு எழுந்து எண்ணெய்க் குளியல், பூஜை, புதுத்துணி, பெரியவர்களிடம் ஆசி என்று காலைச் சாப்பாடு ஒன்பது மணிக்குத் தள்ளிப்போகிறது. கிளிமிபிரைடு வகை மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான நேரத்தில் எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வியர்வை, கைநடுக்கம், தலைசுற்றல் வரலாம். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இடையே வழக்கமாக இருக்கும் இடைவெளி அன்றும் மாறக் கூடாது.

தீபாவளி மருந்து சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் செரிமானத்துக்கு இதமாக இருந்தாலும் அந்த லேகியத்தை வெல்லத்தில்தான் கிளறுகிறார்கள். போகும் வீடுகளில், "ஒரு துண்டு போதும், மீதியைப் பேரனுக்குக் கொடுத்து அனுப்பு" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், கொடுப்பவர் முகம் வாடாது. இன்னொன்று, வாசலில் செருப்பில்லாமல் நிற்காதீர்கள். நெடுநாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை மிதித்தால் சுட்டது தெரியாமலே புண்ணாகிவிடும். அந்தக் கம்பிகளைப் போட ஒரு வாளித் தண்ணீரை வாசலில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா ஆனி மாதம் காலமானார். இந்த ஆண்டு எங்களுக்குப் பண்டிகை இல்லை. அம்மா காரைக்குடியில் தனியாக இருக்கிறார், என்னோடு பெங்களூருக்கு வர மறுக்கிறார். என் மகனுக்கு 6 வயது, பட்டாசு கேட்கிறான். வாங்கிக் கொடுத்தால் அப்பாவை மறந்துவிட்டதுபோல் ஆகிவிடுமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. (வாசகி, பெங்களூரு)

பதில்: சாவு நிகழ்ந்த வீட்டில் ஓராண்டு பண்டிகை இல்லை என்ற வழக்கத்தை நான் மதிக்கிறேன். சிரித்த முகத்தோடு எல்லோரையும் வரவேற்க வேண்டிய கடமையிலிருந்து அது அந்தக் குடும்பத்தை விடுவிக்கிறது. ஆனால் பண்டிகை இல்லாத வீடு என்பதற்காக உறவினர்கள் அன்று எட்டிப் பார்க்காமல் இருந்துவிடுவதால், மற்ற வீடுகளில் வெடிச் சத்தம் கேட்கும் நேரத்தில் தனியாக இருக்க நேரும் கொடுமையும் அந்த வழக்கத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அம்மா உங்களிடம் வர மறுத்தால் நீங்கள் காரைக்குடிக்குப் போங்கள். அப்பா வாழ்ந்த வீட்டைவிட்டு இந்த முதல் ஆண்டில் அவருக்குக் கிளம்ப மனம் வராதது இயல்பே.

2018-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி, தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் பட்டாசு வெடிக்க நேரம் குறித்து வருகிறார்கள். அந்த இரண்டு மணி நேரமாவது அம்மாவின் பக்கத்தில் யாராவது இருக்கட்டும். தைரியமாக இருங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சை மாற்றாமல் கேளுங்கள். பையனுக்கு மத்தாப்பு வாங்கிக் கொடுக்கலாமா என்று அம்மாவிடமே கேட்டுவிடுங்கள். பேரன் ஏங்கி நிற்பதைப் பார்க்க விரும்பும் பாட்டி அரிது. ஆனால் அவர் வேண்டாம் என்றால், தாத்தாவுக்காக இந்த வருடம் நம் வீட்டில் இல்லை என்று பையனிடம் உள்ளபடியே சொல்லுங்கள், ஆறு வயதில் அது புரியும்.

பண்டிகைக்குப் பிறகும் அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் திரும்பாமல் இருந்தாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்பதுபோல் பேசினாலோ காத்திருக்க வேண்டாம், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அம்மா பேசத் தயங்கினால், அவரை எப்படி அணுகுவது என்று கேட்டு நீங்களே முதலில் அழைக்கலாம்.