மீசை போன பிறகும் அதே ஆள்தான்

தம்பி, மூன்று மாதமாகத் தினமும் கேலிச்சித்திரம் போட்டும், "கோரமா இருக்கு, ஆனா யாருன்னே தெரியலை" என்று வீட்டில் சிரிக்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். எனக்கும் இரண்டு வருடம் இதே கதைதான்.

கோளாறு உங்கள் கையில் இல்லை, போனில். செல்ஃபி பார்த்து வரைகிறீர்கள். கிட்டே வைத்து எடுத்த படத்தில் மூக்கு ஏற்கெனவே பெருத்து, காது பின்னால் ஒதுங்கித்தான் விழும். லென்ஸ் ஊதியதை நீங்கள் இன்னும் ஊதுகிறீர்கள்.

காரைக்குடிதானே? பஸ் ஸ்டாண்டில் ஓர் ஓரமாக உட்காருங்கள். சின்ன நோட்டு, பால்பாயிண்ட் பேனா போதும், ரப்பர் வேண்டாம். ஆளுக்கு ஒரு நிமிடம். முதலில் தலையின் வெளிக்கோடு மட்டும்: பூசணியா, முருங்கைக்காயா? அப்புறம் இடைவெளிகள்: கண்ணுக்கும் புருவத்துக்கும், மூக்குக்கும் மேலுதட்டுக்கும். ஒன்றை நீட்டினால் இன்னொன்றைக் குறுக்குங்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் வெறும் பெரிய முகம்தான் மிஞ்சும்.

எங்கள் தெரு டீ மாஸ்டரை நாற்பது தடவையாவது வரைந்திருப்பேன், படத்தில் அவர் மீசையையே பெரிதாக்கிக்கொண்டு. ஒருநாள் மீசையை மழித்துவிட்டு வந்து நின்றார். அப்போதும் அவர் அவராகவேதான் இருந்தார்! கழுத்தே இல்லாமல் தோள்மேல் உட்கார்ந்திருந்த தலையை அன்றுதான் பார்த்தேன்.

மழை நாளென்றால் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடுங்கள். தள்ளி நின்று எடுத்தவை, செல்ஃபிபோல முகம் கோணாது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வரையுங்கள்.

அப்பத்தாவை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு ஆபத்து.