ஸ்கார்பியோ டீசல்ல தண்ணி-மெத்தனால் கிட் போடலாமா?

கேள்வி: 2015 மாடல் ஸ்கார்பியோ 2.2 எம்ஹாக் வச்சிருக்கேன், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி பவர் ஏத்தறது) பண்ணது. ஆள் ஏத்திக்கிட்டு ஏற்காடு, கொல்லிமலைன்னு ஏறும்போது பாதி மலையிலயே இழுவை குறைஞ்சிடுது, கரும்புகையும் வருது. தண்ணி-மெத்தனால் ஸ்ப்ரே கிட் போட்டா பிக்கப், மைலேஜ் ரெண்டும் ஏறும்ங்கறாங்க. எங்க மாட்டணும், என்ன ரேஷியோ, இன்ஜினுக்கு ஆபத்து உண்டா? (சேலம் வாசகர்)

பதில்:

இன்ஜினுக்குப் போற காத்துல தண்ணியைத் தூவற சாமான் இது. மைலேஜ் ஆசையை மட்டும் இப்பவே விட்டுடுங்க, அதுக்கானது இல்ல. பிக்கப் விஷயமும் பாதி உண்மைதான். பெட்ரோல் இன்ஜின்ல நாக்கிங்கை (பெட்ரோல் கலவை தானா வெடிச்சு இன்ஜின் தட்டறது) அடக்க இது பெரிய உதவி, ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் ஃபைட்டர் விமானங்கள்ல எம்டபிள்யூ50ன்னு தண்ணியும் மெத்தனாலும் பாதிப்பாதி கலந்து அடிச்சாங்க, 2016ல பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ்ல கம்பெனியே வெறும் தண்ணி ஸ்ப்ரே வச்சு கொடுத்தாங்க. டீசல்ல அந்த மாதிரி நாக்கிங் பிரச்னையே கிடையாது, அதனால அந்தப் பெருமையெல்லாம் இங்க செல்லாது. இங்க இதோட வேலை ஒண்ணே ஒண்ணு, சூட்டைக் குறைக்கறது.

உங்க வண்டிக்கு அது தேவைப்படலாம், இல்லேங்கல. ஸ்கார்பியோவுல இன்டர்கூலர் (டர்போ அமுக்கி அனுப்பற சூடான காத்தை ஆத்தறது) இன்ஜின் தலைமேல உக்காந்திருக்கு, பானட் ஸ்கூப் வழியா வர்ற காத்துதான் அதுக்கு கதி. கொண்டை ஊசி வளைவுல செகண்ட் கியர்ல மெதுவா ஏறும்போது காத்தும் வராது, கீழ இருந்து இன்ஜின் சூடும் ஏறும், கூலர் தன் வேலையையே மறந்துடும். ரீமேப்ல டீசல் வேற கூட ஊத்தியிருப்பாங்க.

ஆனா கரும்புகைன்னா காத்து பத்தல, டீசல் ஜாஸ்தின்னு அர்த்தம். ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ்ல வெடிப்பு, கிளாம்ப் லூஸ், இஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே விடறது) அடைச்சு திறந்தபடியே நிக்குதா, இதெல்லாம் பாருங்க, எல்லாம் சரின்னா மேப் போட்டவர்கிட்ட போய் டீசலைக் குறைக்கச் சொல்லுங்க. அப்புறம் டர்போவுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல ஒரு இஜிடி கேஜ் (எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டற மீட்டர்) போடுங்க. ஃபுல் லோடுல மலை ஏறும்போது முள் 700 டிகிரியைத் தாண்டி அங்கயே நின்னா கிட் போடறதுல நியாயம் இருக்கு. அதுக்குக் கீழயே நின்னா அந்தக் காசுல நல்ல டயர் வாங்கலாம்.

இப்ப ரேஷியோ. மெத்தனாலே வேண்டாம், வெறும் தண்ணி போதும். ஒரு கிலோ தண்ணி ஆவியாக சுமார் 2,250 கிலோஜூல் சூடு இழுக்கும், மெத்தனால் அதுல பாதிதான். குளிர் நாடுகள்ல டேங்க் உறைஞ்சு போகாம இருக்கவும்தான் அதைக் கலக்கறாங்க, நம்ம ஊர்ல அந்தக் கவலை ஏது. கொஞ்சம் பவர் தரும், உண்மைதான், ஆனா பாதிக்கு மேல கலந்துட்டா டீசல் இன்ஜின்ல அது கண்ட நேரத்துல பத்திக்கிட்டு சிலிண்டர் பிரஷர் எகிறும், ஹெட் கேஸ்கெட் போறது அப்படித்தான். இதையெல்லாம் விட முக்கியம், தமிழ்நாட்டுல மெத்தில் ஆல்கஹால், அதாவது மெத்தனால், வச்சிருக்கறதுக்கு 1959லயே தனி விதி இருக்கு, லைசென்ஸ் வேணும். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தது இதே மெத்தனால் கலந்த சாராயத்துலதான், அதுக்கப்புறம் டிக்கியில கேன் வச்சுக்கிட்டு செக்போஸ்ட்ல நின்னு "இது இன்ஜினுக்கு சார்"னு சொல்லிப் பாருங்க. சானிடைசர், வைப்பர் வாஷர் லிக்விட், டீசல் வண்டிப் புகையை சுத்தம் பண்ண ஊத்தற ஆட்ப்ளூன்னு கைக்குக் கிடைச்சதையும் ஊத்தாதீங்க, ஒண்ணுல கிளிசரின், ஒண்ணுல சோப்பு, ஒண்ணுல யூரியா.

எவ்வளவு தண்ணி? ஒரு 150 குதிரைத்திறன் வரைக்கும் ஏத்தியிருக்கீங்கன்னு வச்சா முழு லோடுல நிமிஷத்துக்கு அரை லிட்டர் கிட்ட டீசல் குடிக்கும், அதுல அஞ்சுல ஒரு பங்கு தண்ணி போதும், நிமிஷத்துக்கு 100 மில்லி தூவற ஜெட் (ஸ்ப்ரே மூக்கு) எடுங்க, பெருசு வேண்டாம். ஜெட்டை இன்டர்கூலருக்கு அப்புறம் வர்ற மெட்டல் பைப்புல, இன்டேக் மேனிஃபோல்டுக்கு (காத்து சிலிண்டர்களுக்குப் பிரியற இடம்) ஒரு சாண் முன்னாடி, சென்சார் மேல நேரா அடிக்காத மாதிரி வைங்க. ரொம்ப கிட்ட வச்சா ஒரு சிலிண்டருக்கு மட்டும் தண்ணி போகும், டர்போவுக்கு முன்னாடி வச்சா துளி பட்டுப் பட்டு கம்ப்ரசர் பிளேடு அரிக்கும். பைப்பைக் கழட்டி வெளிய வச்சு துளை போடுங்க, வண்டியிலயே வச்சு டிரில் போட்டா துருவல் நேரா இன்ஜினுக்குள்ளதான். டெஃப்லான் டேப்பும் வேண்டாம், அதோட நூல் ஒண்ணு போதும் ஜெட் அடைக்க.

ஆபத்துன்னு கேட்டீங்களே, அது இங்கதான். இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது டேங்க் தண்ணி சொட்டுச் சொட்டா உள்ள இறங்கிச்சுன்னா அடுத்த நாள் காலைல ஸ்டார்ட் அடிக்கும்போது பிஸ்டன் அந்தத் தண்ணியை அமுக்கப் பார்க்கும், தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அதனால டேங்க் ஜெட்டை விடத் தாழ இருக்கணும், ஜெட்டுக்குப் பக்கத்துல சொலினாய்டு வால்வு (கரண்ட் வந்தாதான் திறக்கும்) கட்டாயம், வெறும் செக் வால்வை (ஒரு பக்கமா மட்டும் விடறது) நம்பாதீங்க. ஃபிட் பண்றதுக்கு முன்னாடி ஜெட்டை ஒரு பாட்டிலுக்குள்ள விட்டு ஒரு நிமிஷம் பம்பை ஓட்டுங்க, புகை மாதிரி தூவணும், கம்பி மாதிரி பீச்சக்கூடாது, விழுந்த தண்ணியையும் அளந்துக்கங்க. அப்புறம் அப்படியே ராத்திரி பூரா ஒரு பேப்பர் மேல தொங்க விடுங்க. காலைல பேப்பர்ல ஒரு ஈரப்பொட்டு இருந்தாலும் மாட்டாதீங்க.

ஸ்ப்ரே ஆரம்பிக்கறது பூஸ்ட் (டர்போ அமுக்கற காத்தோட பிரஷர்) பாதிக்கு மேல போனதும்தான், அதுவும் இன்ஜின் நல்லா சூடானப்புறம், குளிர்ந்த இன்ஜின்ல அடிச்சா ரிங் வழியா ஆயில்ல கலக்கும். டேங்குல லெவல் சென்சார் வைங்க, இல்லேன்னா பம்பு காய்ஞ்சு ஓடும். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், போர் தண்ணி ஊத்தினா உப்பு படிஞ்சு ஜெட் ஒரே மாசத்துல காலி.

மாட்டுற முன்னாடி இன்சூரன்ஸ்காரங்களுக்கும் ஒரு லெட்டர் கொடுத்துடுங்க, மாடிஃபிகேஷனைச் சொல்லாம விட்டா கிளெய்ம் சமயத்துல அதைத்தான் முதல்ல தோண்டுவாங்க. பிஎஸ்6 (புதுப் புகை விதி) வண்டி வச்சிருக்கவங்க இதைப் படிச்சுட்டு கிட் தேடாதீங்க, டிபிஎஃப்பும் (புகைக்கரியைப் பிடிக்கற ஃபில்டர்) அத்தனை சென்சாரும் இருக்கற வண்டியில இது வேண்டாத வேலை. உங்களுக்கு, மாட்டின அப்புறம் முதல் ரெண்டு மலை ஏத்தம் முடிஞ்சதும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க, ஆயில் மூடியையும் திறந்து பாருங்க, மோர் கலர்ல நுரை தெரிஞ்சா பம்பு ஃபியூஸைப் புடுங்கிட்டு அப்புறம் பேசலாம்.