சீலிங்ல முட்டுற ஃபிடில் லீஃப்: இப்ப வெட்டலாமா?

கேள்வி: குன்னூர்ல எங்க வீட்டு ஹால்ல இருக்கிற ஃபிடில் லீஃப் ஃபிக் செடி 8 அடிக்கு வளர்ந்து மரச் சீலிங்ல முட்டி நிக்குது. கீழ 5 அடிக்கு வெறும் குச்சி, மேல மட்டும் குடை மாதிரி இலை. பொங்கலுக்கு சொந்தக்காரங்க வர்றாங்க, அதுக்குள்ள வெட்டிடலாம்னு இருக்கேன். வெட்டுற தலையை தண்ணியில வச்சா வேர் வருமா? ஆகஸ்ட்ல ஒரு இலையை மட்டும் கிள்ளி மண்ணுல நட்டேன், வாடாம அப்படியே இருக்கு ஆனா ஒரு துளிர்கூட வரல.

பதில்: வணக்கம்ங்க. முதல்ல அந்த இலை விஷயத்தை முடிச்சிடுவோம். மெதுவா தூக்கிப் பாருங்க, அடியில வேர்கூட விட்டிருக்கும், ஆனா துளிர் வராது, ஏன்னா துளிர் வர்ற மொட்டு கணுவுல இருக்கு, இலையில இல்ல. குச்சியில ஒரு துண்டு கணுவோட சேத்து எடுத்திருந்தா கதையே வேற. இப்ப அது எத்தனை மாசம் ஆனாலும் ஒத்தை இலையாவே நிக்கும், அழகுக்கு வேணா வச்சுக்கோங்க.

இப்ப வெட்டுறது வேண்டாம்ங்க. பொங்கலுக்கு வர்றவங்க செடியை அண்ணாந்து பாத்துட்டுப் போகட்டும். இது மேற்கு ஆப்பிரிக்காவுல வெக்கையும் ஈரமுமா இருக்கிற சமவெளிக் காட்டு மரம். டிசம்பர், ஜனவரியில ஊட்டிக்குப் பக்கத்துல தலைகுந்தா பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா படியுற நேரத்துல, குன்னூர் வீட்டுக்குள்ளயும் ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கிடும், அந்தக் குளிர்ல செடி வளராம சும்மா நிக்கும், வெட்டுன இடத்துல துளிரும் வராது, வெட்டுன தலைக்கு வேரும் வராது. நானும் கோத்தகிரியில ஒரு டிசம்பர்ல இதே அவசரத்துல 2 அடி தலையை வெட்டி பக்கெட் தண்ணியில போட்டு ஜன்னல் ஓரமா வச்சேன், மூணாவது வாரம் தூக்கிப் பாத்தா அடிக்குச்சி கருத்து வழவழன்னு ஆயிருச்சு, நாத்தம் வேற, இலை ஒவ்வொண்ணா பொத்து பொத்துனு விழுந்துருச்சு.

கீழ சமவெளியில ஆலமரக் கிளையை வெட்டி போத்து நட்டா தானா வேர் பிடிக்கும், அதைப் பாத்துட்டு இதுவும் அத்தி, ஆல் சாதிதானே ஈஸியா வந்துடும்னு நினைக்கிறோம். சாதி அதேதான், ஆனா மலைக்குளிர்ல அந்தக் கணக்கு செல்லாது. அதனால இங்க நான் சொல்ற முறை ஒண்ணுதான், முதல்ல வேர், அப்புறம் வெட்டு. அதாவது தலை செடியில இருக்கும்போதே விண்பதியம் போட்டுடணும், தண்டுல பட்டையை உரிச்சு ஈரப்பாசி கட்டி அங்கயே வேர் வரவைக்கிற முறை அது. இந்த மரம் காட்டுல சில சமயம் வேற மரத்து மேலயே முளைச்சு அங்கிருந்து வேரைக் கீழ விடுற ரகம், தண்டுல வேர் விடுறது அதுக்குப் புதுசு இல்ல.

மார்ச் கடைசியில, வெயில் கொஞ்சம் ஏறினதும் ஆரம்பிங்க. குச்சி முழுசா மொட்டையா ஆயிடக்கூடாது, அதனால இலைக்கூட்டத்துல அடியில ஒரு 4 இலையை விட்டுட்டு அதுக்கு மேல ஒரு கணுவுக்குக் கீழ இடம் பாருங்க. அங்க ஒரு இஞ்ச் அகலத்துக்கு பட்டையை மோதிரம் மாதிரி சுத்தி உரிச்சிடணும். உரிச்சதும் பால் வடியும், ஈரத்துணியால ஒத்தி எடுங்க, கையில கிளவுஸ் போட்டுக்கோங்க, சிலருக்கு அரிக்கும், ஸ்வெட்டர்ல பட்டா கறை போகவே போகாது. பால் நின்னதும் உரிச்ச இடத்தைத் தொட்டுப் பாத்தா பச்சையா வழுக்கும், அந்த வழுக்கலைக் கத்தி முனையால சுரண்டி எடுக்கிறதுதான் முக்கியமான வேலை. நிறைய பேர் இதை விட்டுடுறாங்க, விட்டா பட்டை திரும்ப ஒட்டிக்கும், ரெண்டு மாசம் கழிச்சுப் பிரிச்சுப் பாத்தா காயம் ஆறி சும்மா நிக்கும். இலையில செய்ற சாப்பாடு பட்டை வழியாத்தான் கீழ இறங்குது, மோதிரத்துக்கிட்ட வழி அடைபட்டதும் மேல் விளிம்புல தேங்கி அங்கதான் வேர் வரும், அதனால வேர் ஊக்கி பவுடரையும் மேல் விளிம்புலயே தடவுங்க.

அப்புறம் பாசியை ஊறவச்சு சொட்டாத அளவுக்குப் பிழிஞ்சு, ரெண்டு கைப்பிடி எடுத்து உருண்டையா சுத்தி, கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் கவர்ல பொதிஞ்சு மேலயும் கீழயும் இறுக்கிக் கட்டிடுங்க. நம்ம ஊர்லதான் மரத்துக்கு மரம் பாசி இருக்கேன்னு சோலைக்குள்ள போய் சுரண்டிட்டு வராதீங்க, வனத்துறைகிட்ட மாட்டுறது ஒரு பக்கம், அந்தப் பாசி திரும்ப வளர வருஷக்கணக்காகும். நர்சரியில பாக்கெட்ல கிடைக்கும், இல்லாட்டி தென்னை நார்க்கழிவு போதும். வெளிச்சம் படாம மேல ஒரு கறுப்புக் கவர் சுத்திட்டு, வாரம் ஒருதடவை அதைத் தூக்கிப் பாருங்க. கவர் உள்பக்கம் வேர்வை மாதிரி நீர் பூத்திருந்தா ஈரம் சரியா இருக்குன்னு அர்த்தம்.

கீழ்நாட்டுல ஒன்றரை மாசத்துல வேர் தெரியும், இங்க ரெண்டரை மூணு மாசம்கூட ஆகலாம். ஒரு வெள்ளை வேர் தெரிஞ்சதும் ஆசைப்பட்டு வெட்டிடாதீங்க, உருண்டை முழுக்க வேர் ஓடி லேசா பழுப்பு ஏறட்டும், அப்புறம் உருண்டைக்குக் கீழ அறுத்து, அதைவிடக் கொஞ்சமே பெரிய தொட்டியில வைங்க. பெரிய தொட்டின்னா மண்ணு காயாது, ஜூன், ஜூலை மூட்டத்துல வேர் அழுகிடும். ரெண்டு மூணு வாரம் காத்தடிக்காத இடத்துல வச்சு ஒரு குச்சி ஊன்றுகோல் கொடுத்துடுங்க.

தாய்ச்செடிக்கு வருவோம். தேயிலையில கவாத்து அடிச்சா கீழ்க்குச்சியில இருந்து தளிர் எப்படி வெடிச்சு வருதோ அதே கதைதான், நுனி போயிட்டா அதுக்குக் கீழ இருக்கிற கணு ஒண்ணு ரெண்டு முழிச்சுக்கும். ஆனா உங்களுக்கு வேண்டியது 3 அடி உயரத்துல கிளை. அதுக்கு ஏப்ரல்லயே அந்த உயரத்துல ரெண்டு மூணு கணுவுக்கு அரை விரல் மேல, தண்டுல மூணுல ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு விடுங்க. எல்லாம் துளிர்க்காது, ஒண்ணு துளிர்த்தாலே லாபம், அது நல்லா கிளையா ஆனப்புறம் அடுத்த வருஷம் அதுக்கு மேல இருக்கிற குச்சியை எடுத்துடலாம். தலை போனதும் இலை குறைஞ்சிடும், தண்ணியையும் அதுக்கேத்த மாதிரி குறைங்க, புதுத் துளிர் வர்ற வரைக்கும் உரம் வேண்டாம்.

இன்னொண்ணு, கீழ 5 அடிக்கு இலை இல்லாம போனதுக்குப் பெரும்பாலும் வெளிச்சம் பத்தாததுதான் காரணமா இருக்கும். செடியை இப்பவே தெற்கு ஜன்னல் பக்கம் நகர்த்திடுங்க, ஆனா இலை ராத்திரி கண்ணாடியில ஒட்டக்கூடாது. ரூம் ஹீட்டர் போட்டா அதுல இருந்தும் தள்ளி. வீட்டுல பூனை, நாய் இருந்தா வெட்டுன இலையை உடனே கூட்டி எடுத்துடுங்க, அந்தப் பால் அதுங்களுக்கு ஆகாது.