அண்ணன் சொல்லும் கணக்கு சரியா?

வீடு, மனை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஒரு மதிப்பீட்டாளரின் பதில்கள்

கேள்வி: ஐயா, பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா வாங்கிய வீடு. 900 சதுர அடி மனை, கீழே மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின்மேல் செங்கல், சுண்ணாம்பு போட்ட பழைய கூரை), மேலே அண்ணன் தன் செலவில் கட்டிய ஒரு மாடி. அப்பா 2011-இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இப்போது இல்லை. நாங்கள் மூன்று பேர். வீட்டை அண்ணனே வைத்துக்கொண்டு எனக்கும் தங்கைக்கும் பணம் தருவதாகச் சொல்கிறார். கைடுலைன் வேல்யூவில் மூன்றில் ஒரு பங்கு என்பது அவர் கணக்கு. தெருமுனை புரோக்கரோ அதைப்போல இரண்டு மடங்குக்குப் போகும் என்கிறார். அண்ணன் லோன் கேட்ட வங்கியின் இன்ஜினியர் இரண்டுக்கும் நடுவே ஒரு தொகை எழுதியிருக்கிறார். எதை நம்புவது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றில் ஒன்றுகூட உங்களுக்காகப் போட்ட கணக்கு கிடையாது.

கைடுலைன் வேல்யூ என்பது பதிவுத்துறை முத்திரைத்தீர்வை வசூலிப்பதற்காகத் தெருவாரியாக வைத்திருக்கும் தொகை, உங்கள் வீட்டு வாசலில் நின்று யாரும் பார்த்துப் போட்டதில்லை. 2017-இல் அரசு அதை 33 சதவீதம் குறைத்தது, 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றியது, 2024 ஜூலையில் புதிதாக நிர்ணயித்தது. இத்தனைக்கும் உங்கள் வீடு இருந்த இடத்திலேயேதான் இருந்தது, ஒரு செங்கல்கூட நகரவில்லை. நாளைக்கு நீங்களும் தங்கையும் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்போது அந்தத் தொகை வேண்டியிருக்கும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். அரசுக்குக் கட்டுவதற்கு அந்தக் கணக்கு சரி. கூடப்பிறந்தவர்களுக்குக் கொடுப்பதற்கும் அதையே நீட்டினால் எப்படி?

புரோக்கர் சொல்வது கேட்கிற விலை, கை மாறின விலை வேறு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்ததிலிருந்து இந்தப் பக்கம் ஆட்டோ நுழையாத சந்துக்குக்கூட மெட்ரோ விலைதான் சொல்கிறார்கள். வங்கி இன்ஜினியர் வங்கிக்காகப் பார்த்தவர். கடன் நின்றுபோய் வீட்டை ஏலத்துக்கு விட்டால் என்ன தேறும் என்கிற பயத்தோடு எழுதுவதால் கை கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது, கூடப்பிறந்தவர்கள் மூன்று பேரும் சேர்ந்து வருமான வரித்துறையில் பதிவு பெற்ற ஒரு மதிப்பீட்டாளரைப் பிடித்து, ஃபீஸை மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டு, இன்றைய சந்தை மதிப்புக்கு ஓர் அறிக்கை வாங்குவது. ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வந்தால் மூன்று அறிக்கையும் ஒரு சண்டையும்தான் மிச்சம். மதிப்பில் இத்தனை சதவீதம் ஃபீஸ் என்று யாராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள், தொகை ஏற ஏற அவருக்குத்தானே லாபம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிளான் அப்ரூவல், சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவர் டேப் வைத்து அளக்கும்போது கூடவே நில்லுங்கள். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டை நான் அளந்தபோது பத்திரத்தில் இருந்ததைவிட அகலம் ஒன்றரை அடி குறைந்தது. பொதுச்சுவர் எந்தத் தலைமுறையில் நகர்ந்தது என்று இரண்டு வீட்டுக்காரர்களுக்குமே தெரியவில்லை!

மனை விலைக்கு, அக்கம்பக்கத்தில் சமீபத்தில் பதிவான கிரயங்களைப் பார்ப்பார். பத்திரத்தில் எழுதுவது ஒன்று, கையில் மாறுவது ஒன்று என்பது ஊரறிந்த விஷயம், அதனால் நேரில் விசாரிக்கவும் செய்வார். தெரு அகலம் ரொம்ப முக்கியம். எத்தனை மாடிக்கு அனுமதி என்பது அதைப் பொறுத்தது, அதோடு லாரி நுழையாத சந்தில் மணலும் ஜல்லியும் தலைச்சுமையாகப் போக வேண்டும், அந்தக் கூலியை வாங்குகிறவர் விலையில்தான் கழிப்பார். கீழ்த்தளத்தின் வயதுக்குக் கட்டடமாகப் பெரிதாக எதுவும் தேறாது, நல்ல தேக்கு உத்திரம் இருந்தால் அதற்கு ஏதோ கிடைக்கும்.

இன்னொன்று. மாடியைத் தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். அது அண்ணன் காசு, அதைக் கழித்துவிட்டு மீதியை மூன்றாகப் போடுவதுதான் முறை. நீங்களே முதலில் அதைச் சொன்னால் பேச்சுவார்த்தை சுமுகமாகப் போகும். அதே சமயம், ‘அப்பா போனபோது இருந்த விலை’ என்று அவர் ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரிக்கிற நாளின் விலைதான் விலை.

கேள்வி: 1988-இல் வாங்கிய திருவொற்றியூர் வீட்டை ஒரு பில்டருக்கு விற்கிறேன். மதிப்பீட்டு அறிக்கை வாங்கச் சொல்கிறார் ஆடிட்டர். விலை பேசி முடித்த பிறகு எதற்கு?

பதில்: இது விற்கிற விலைக்கு இல்லை, வரிக்கு. 2001 ஏப்ரல் 1-க்கு முன்பு வாங்கிய சொத்து என்றால், வாங்கிய விலைக்குப் பதிலாக அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். அன்றைய கைடுலைன் வேல்யூவைத் தாண்டக் கூடாது என்று 2020-இல் ஒரு கடிவாளம் போட்டுவிட்டார்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்பதால் பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதமா, சரிக்கட்டாமல் 12.5 சதவீதமா, எது குறைவோ அதைக் கட்டலாம். உங்களைப் போல நெடுநாள் வைத்திருந்தவர்கள் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். அறிக்கையைச் சாவி கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பில்டர் அடுத்த வாரமே இடித்துவிடுவார், அப்புறம் எந்தக் கட்டடத்தைக் காட்டுவீர்கள்?

கேள்வி: ஏழுகிணறு பக்கம் எங்கள் வீடு. அடிமனை கோயிலுடையது, வாடகை தவறாமல் கட்டுகிறோம். மதிப்பீடு செய்து லோன் வாங்கலாமா?

பதில்: ஃபீஸை வீணாக்காதீர்கள். கட்டடத்துக்கு மட்டும் ஒரு தொகை எழுதித் தரலாம், மனையை உங்கள் பெயரில் எழுத முடியாது, அடமானப் பத்திரமும் பதிவாகாது. வங்கி திருப்பி அனுப்பிவிடும்.

கேள்வி: வியாசர்பாடியில் வீடு. மதிப்பீட்டாளர் வருவதற்குள் பெயின்ட் அடித்துவிட்டால் கூடுதலாகப் போடுவாரா?

பதில்: போட மாட்டார். 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று உங்களிடம் கேட்பார், அப்புறம் பக்கத்து வீட்டிலும் கேட்பார். பெயின்ட் அடிக்கிற காசில் மொட்டைமாடித் தளத்தைச் சரிசெய்யுங்கள்.