ஹை-ஃபை கருவிகளுக்கு அடியில் கூம்பு, ரப்பர் பாதம், பலகை வைத்தால் ஒலி உண்மையிலேயே மாறுமா?

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளுக்கு நிச்சயமாக மாறும். கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப்ளிஃபயருக்குக் கொஞ்சம். ஸ்பீக்கருக்கும் மாறும், ஆனால் பெரும்பாலும் நாம் நினைக்கிற காரணத்தால் அல்ல. சிடி பிளேயர், டிரான்சிஸ்டர் ஆம்ப், இணையப் பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர் இவற்றுக்கு அடியில் எதைச் செருகினாலும் என் காதுக்கு இதுவரை ஒரு வித்தியாசமும் பிடிபட்டதில்லை.

வால்யூமை ஏற்றினால் இசைத்தட்டில் மட்டும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வருகிறது, நண்பர் எல்லாக் கருவிக்கும் கூம்பு ஸ்பைக் போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். மோட்டாரை அணைத்துவிட்டு, சுற்றாமல் நிற்கும் இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்குங்கள். ஒரு கை வால்யூம் திருகிலேயே இருக்கட்டும். குறைந்த வால்யூமில், டர்ன்டேபிள் இருக்கும் அலமாரியை விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'தொம்' என்று கேட்கும். அது எவ்வளவு பெரிதாக, எவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டு கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். அடுத்து, குதிகாலால் தரையில் ஒரு தட்டு. கடைசியாக, எதையும் தொடாமல் வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். ஏதோ ஓரிடத்தில் முனகல் தானாகத் தொடங்கி வளர ஆரம்பித்தால் சட்டென்று குறைத்துவிடுங்கள். விட்டால் பாஸ் ஒலி தரும் வூஃபருக்கு ஆபத்து.

ஊசியைத் தூக்கிய பிறகும் முனகல் அப்படியே இருந்தால் அது அதிர்வே இல்லை. பெரும்பாலும் எர்த் கம்பி சரியாக மாட்டியிருக்காது. அதற்கு எந்தக் கூம்பும் உதவாது.

ஊசியோடு சேர்ந்துதான் முனகல் வந்து போகிறது என்றால், நடப்பது இதுதான். இசைத்தட்டின் பள்ளம் ஊசியை ஆட்டுவதும், அடியிலிருந்து வரும் அதிர்வு மொத்தக் கருவியையும் ஆட்டுவதும், ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜுக்கு ஒன்றுதான். அதற்குப் பாட்டும் தெரியாது, தரையும் தெரியாது. ஒரு தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். மெல்லிய பகுதிகளில் பள்ளத்தின் நெளிவு ஒரு மைக்ரானுக்கும் கீழே இறங்கிவிடும். இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிற ஊசிக்கு ஸ்பீக்கரின் அதிர்வு தரை வழியாகவும் காற்று வழியாகவும் வந்து சேர, அதை ஆம்ப் பெருக்கி, மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்புகிறது. பாம்பு தன் வாலைத் தானே விழுங்குகிற கதை.

இங்கே ஸ்பைக் என்ன செய்யும்? கருவியைத் தரையோடு இறுக்கமாக இணைக்கும், அவ்வளவுதான். அதிர்வைக் கீழே இறங்க விடும், மேலே ஏற விடாது என்று சொல்வதை நம்பாதீர்கள். இரும்புக் கூம்புக்கு ஒருவழிப் பாதை தெரியாது. தரைவிரிப்பின் மேல் ஆடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர் ஸ்டாண்டை அசையாமல் நிறுத்த ஸ்பைக் அருமையான சாமான். உங்கள் முனகலுக்கு அது மருந்தல்ல.

அதிர்வைத் தடுக்க வேண்டுமென்றால் அடியில் நெகிழ்வான ஏதாவது வேண்டும்: ஸ்பிரிங், ரப்பர், சோர்போதேன் (அதிர்வை உறிஞ்சும் மெத்தென்ற ஒரு பொருள்), பாதி காற்றடைத்த சைக்கிள் டியூப். இவை எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குத்தான். கருவியை வைத்ததும் தாங்கி எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தால், அந்த அமைப்பு தானாக ஆடும் வேகம் கிடைத்துவிடும். 1 செ.மீ. அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐந்து ஆட்டம். 1 மி.மீ. என்றால் ஏறக்குறைய 16. அந்த எண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலே இருக்கும் அதிர்வுகளைத்தான் தாங்கி குறைக்கும். அதற்குக் கீழே குறைக்காது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வருவதை இன்னும் பெரிதாக்கியே விடும்!

2.5 மி.மீ. அமுங்கும் தாங்கியைப் பாருங்கள். கணக்குப்படி 10 ஹெர்ட்ஸ். டோன்ஆர்மும் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தாமாக ஆடுவதும் வழக்கமாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள்தான். இரண்டும் கைகோத்துக்கொண்டால் முன்பிருந்ததைவிட மோசமாகும். ரப்பர் இந்தக் கணக்கில் கொஞ்சம் ஏமாற்றவும் செய்யும். அசைவில் அது இன்னும் விறைப்பாக நடந்துகொள்வதால் உண்மையான எண் கணக்கைவிட மேலேதான் நிற்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். 45-க்கு 40 செ.மீ. அளவில் 3 செ.மீ. தடிமனான கிரானைட் பலகை ஒன்று. கிட்டத்தட்ட 14½ கிலோ. தனியாக வைத்தால் கிரானைட் தட்டினால் 'ணங்' என்று ஒலிக்கும், பெரிதாக எதையும் தடுக்காது. அதன் கனம்தான் எனக்குத் தேவைப்பட்டது. மேலே டர்ன்டேபிள், அடியில் நான்கு ஸ்பிரிங், ஒவ்வொன்றும் சரியாக 1 செ.மீ. அமுங்கும்படி. ஒவ்வொரு மூலையாக ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சரிசெய்யவே ஒரு மாலைப்பொழுது போனது. 30 ஹெர்ட்ஸ் அதிர்வில் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான் மேலே வர வேண்டும். வந்ததும் அவ்வளவுதான். முனகல் போயே போச்சு. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் மகள் அறைக்குள் ஓடி வந்தாள். ஊசி மூன்று பள்ளம் தாண்டிக் குதித்தது. "அப்பா, நான் தொடவே இல்லை!" என்றாள். உண்மைதான், தொடவில்லை. அப்போது நாங்கள் இருந்த அறைக்கு மரப்பலகைத் தரை. காலடி பட்டால் அந்தத் தரையும் சில ஹெர்ட்ஸில்தான் துள்ளும். என் ஸ்பிரிங்கும் 5 ஹெர்ட்ஸ். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கடைசியில் தீர்வு சுவரில் இருந்தது. கனமான சுவரில் திருகி மாட்டிய அலமாரிக்கு டர்ன்டேபிளை மாற்றினேன், ஸ்பிரிங் இல்லாமல். காலடிகள் அடங்கின. முனகல் கொஞ்சம் திரும்பி வந்தது. அது காற்று வழியாக வந்த பங்கு. டர்ன்டேபிளை அறை மூலையிலிருந்து தள்ளி வைத்ததும் (பாஸ் ஒலி மூலைகளில்தான் குவியும்), பாட்டு ஓடும்போது தூசி மூடியைக் கழற்றிவிட்டதும் அதுவும் போய்விட்டது. அந்த மூடி இருக்கிறதே, அது ஒரு பெரிய பிளாஸ்டிக் செவிப்பறை மாதிரி. செலவில்லாத இந்த இரண்டையும் நான் முதலில் செய்திருக்க வேண்டும்.

ஆக, சிமென்ட் தரை என்றால் கனமான பலகையும் மெத்தென்ற ஸ்பிரிங்கும் நன்றாக வேலை செய்யும். துள்ளும் தரை என்றால் சுவர் அலமாரி. உங்கள் டர்ன்டேபிளுக்குள்ளேயே ஸ்பிரிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1961-இல் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏஆர் நிறுவன டர்ன்டேபிளில் தட்டும் டோன்ஆர்மும் ஒரே சட்டத்தில் அமர்ந்து ஸ்பிரிங்கில் மிதக்கும். லின் நிறுவனத்தின் சோன்டெக் எல்பி12 டர்ன்டேபிளும் அந்த வழிதான். அப்படிப்பட்டவற்றுக்கு அடியில் இன்னொரு ஸ்பிரிங் வேண்டாம், இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இலேசான, ஆனால் விறைப்பான மேசை போதும்.

ஸ்பீக்கர் விஷயம்: மென்மையான தாங்கி வைத்தால் தரைக்குள் இறங்கும் அதிர்வு குறையும், கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் வாழ்த்துவார்கள். ஆனால் 5 செ.மீ. உயரமான மேடை போட்டால், உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காதுக்கு நேராக வரும் கோணமே மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைக் கேட்டுவிட்டு மேடையின் மகிமை என்று சொல்பவர்கள் நிறைய. பழைய தாங்கியையும் அதே உயரத்துக்கு மரக்கட்டை வைத்து ஏற்றிவிட்டு ஒப்பிடுங்கள், அப்போது தெரியும்.

வால்வு ஆம்ப் வைத்திருந்தால் பென்சில் முனையின் ரப்பரால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டிப் பாருங்கள், சூடு ஜாக்கிரதை. ஒன்று மட்டும் ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணியடித்தால், ஆம்புக்கு அடியில் எதுவும் வாங்க வேண்டாம், அந்த ஒரு வால்வை மாற்றுங்கள்.