கனி தரும் அழகுச்செடிகளை விதையிலிருந்து வளர்க்கலாமா?

கேள்வி: வேலியோரம் அழகுக்காகக் களாவும் காமினியும் வளர்க்க விரும்பி, பழுத்த கனிகளைப் பறித்து வெயிலில் காயவைத்தேன். குளிரூட்டினால் முளைப்பு கூடும் என்று படித்ததால், மூன்று மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லையே, ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் படித்த முறை சரியானதுதான்; ஆனால் அது குளிர்நாட்டுச் செடிகளுக்கு உரியது. ஐரோப்பாவின் ஹாலி, கோட்டோனியாஸ்டர் போன்ற புதர்ச்செடிகளின் கனிகள் குளிர்காலத்துக்குச் சற்று முன்பு பழுக்கின்றன. விழுந்தவுடன் முளைத்தால் உறைபனியில் நாற்று மடிந்துவிடும் என்பதால், ஈரமான குளிரில் பல வாரங்கள் கிடந்த பிறகே அவ்விதைகள் விழித்தெழுகின்றன. நம் ஊர்க் களாவோ மழைக்காலத்தை ஒட்டிப் பழுக்கிறது. பறவை தின்று எச்சமிடும் இடத்தில் ஈரம் காத்திருப்பதால், அதன் விதைக்குக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அத்தகைய விதையை வெயிலில் உலர்த்தினால் அதன் உயிர்ப்பு விரைவில் குன்றிவிடும். காமினி எனப்படும் காட்டுக் கறிவேப்பிலைக்கும் இது பொருந்தும். ஆகவே உங்கள் விதைகள் விதைக்கும் முன்பே உயிரிழந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை, களா நன்கு கறுத்துக் கனிந்த பின்பும், காமினி செக்கச் சிவந்த பின்பும் பறியுங்கள். முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் பெரும்பாலும் சதையில்தான் இருக்கும் என்பதால், அதை முழுவதும் நீக்குவது இன்றியமையாதது. களாவின் பால் பிசுபிசுப்பாக ஒட்டும். மணலும் சாம்பலும் சேர்த்துப் பிசைந்து அலசினால் விதை எளிதில் பிரியும். நிழலில் ஈரம் மட்டும் வடியவிட்டு, அன்றோ மறுநாளோ விதைத்துவிடுங்கள்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் ஊன்றி, பூவாளியால் நீர் தெளித்து, பாதி நிழலில் வையுங்கள். முளைகள் வெளிவரச் சில வாரங்கள் ஆகும். இக்காலத்தில் நீர் தேங்கினால் நாற்று அழுகல் வரும். பல வீடுகளில் நாற்றுகள் மடிவது வறட்சியால் அன்று, அளவுக்கு மீறிய அக்கறையால்தான். விதைக்கன்று காய்க்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். தோட்டத்தில் எலுமிச்சை இருந்தால் காமினியை அதன் அருகே வைக்க வேண்டாம்; எலுமிச்சை வகைகளுக்குக் கிரீனிங் நோயைப் பரப்பும் சிலிட் பூச்சி காமினியிலும் தங்கிப் பெருகும்.

கேள்வி: எங்கள் டுரண்டா வேலி பசுமையாக இருந்தும் மஞ்சள் கனிகள் வருவதேயில்லை. விதை எடுக்க என்ன செய்வது?
– வாசகர், கோவை

பதில்: டுரண்டா தன் கிளை நுனிகளில்தான் பூக்கும். சுவர்போல மட்டமாக அடிக்கடி வெட்டும்போது பூக்க வேண்டிய நுனிகளே போய்விடுகின்றன. ஓரிரு செடிகளையாவது வெட்டாமல் விட்டுவைத்து, காய்ப்பு முடிந்த பிறகு கவாத்து செய்யுங்கள். பொன்னிற இலையோ வெள்ளை விளிம்போ உள்ள வகையானால், விதைக்கன்று அந்நிறத்துடன் வரும் என்பதற்கு உறுதியில்லை. அவற்றைத் தண்டு நட்டுப் பெருக்குவதே சரி. ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: அக்கனிகள் நச்சுத்தன்மை உடையவை. சிறு குழந்தைகளோ நாயோ பூனையோ உள்ள வீட்டில், எட்டும் உயரத்தில் கனிகள் தொங்கவிடாதீர்கள். விதைக்காகப் பறிப்பவற்றையும் திறந்த தட்டில் வைக்காமல் உடனே சுத்தம் செய்து விதைத்துவிடுங்கள்.